தானியங்கி ரோட்டோவில் விளிம்பு நடுங்குகிறதா?

கேள்வி: சென்னையில் ஆறு பேர் கொண்ட ரோட்டோ குழுவை நடத்துகிறேன்; படத்தில் உள்ள ஆளைப் பின்னணியிலிருந்து பிரேம் பிரேமாக வெட்டியெடுப்பது எங்கள் வேலை. நடனப் பெண் ஒருவர் சுழலும் 140 பிரேம் ஷாட்டைத் தானியங்கிக் கருவியில் கொடுத்துப் பார்த்தோம். நிறுத்திப் பார்த்தால் அழகாக இருக்கிறது. ஓடவிட்டால் விளிம்பெல்லாம் நடுங்குகிறது. அதைத் திருத்திய நேரத்தில் கையாலேயே வரைந்திருக்கலாம். இயந்திரக் கற்றலால் உண்மையிலேயே நேரம் மிச்சமாகுமா?

பதில்: மிச்சமாகும். ஆனால் முழு மேட்டையும், அதாவது ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் கருப்பு வெள்ளைப் படத்தை, இயந்திரத்திடம் கேட்காதீர்கள். அதனிடம் விளிம்பை மட்டும் கேளுங்கள்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். பல கருவிகள் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகவே பார்க்கின்றன. 62ஆம் பிரேமில் பின்னல் நுனியை எங்கே வெட்டினோம் என்பது 63ஆம் பிரேமுக்குத் தெரியாது. மெட்டா நிறுவனம் 2024இல் வெளியிட்ட சாம் 2 மாதிரிக்கு முந்தைய பிரேம்களின் நினைவு உண்டு. ஆளைத் தவறவிடாமல் தொடர்கிறது. ஆனால் அது முகமூடியை (ஆள் இருக்கும் பகுதியின் வடிவத்தை) உள்ளே 256க்கு 256 புள்ளிகளில் கணித்துவிட்டுப் பிறகுதான் பெரிதாக்குகிறது. 2048 பிக்சல் அகலமுள்ள உங்கள் படத்தில் அதன் ஒரு புள்ளி எட்டு பிக்சல் அகலத்தை மூடுகிறது. முடியிழை அதில் எப்படித் தப்பும்? அதை வெளிக்கோட்டுக்கும் உள்மையத்துக்கும் முதல் வரைவாக வைத்துக்கொள்ளலாம். இறுதி மேட்டாக வேண்டாம்.

உங்கள் ஷாட்டுக்கு நான் சொல்லும் வழி இது. உடலுக்குள்ளே, விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஸ்பிளைனால் (புள்ளிகளை இணைக்கும் வளைகோட்டால்) ஒரு மைய மேட் வரையுங்கள். வெளியே தாராளமாக ஒரு குப்பை மேட்; அதைத் தாண்டி உள்ளதெல்லாம் கழிந்துவிடும். இரண்டுமே துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. பரப்பின் அசைவைப் பின்தொடரும் பிளேனர் டிராக்கரோடு இணைத்தால் விரைவில் முடிந்துவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய பட்டையில் மட்டும் இயந்திரத்தின் ஆல்பாவை (ஒவ்வொரு பிக்சலிலும் ஆள் எவ்வளவு என்ற மதிப்பை) அனுமதியுங்கள். அப்போது புடவைக்குள் விழும் ஓட்டைகளும் பின்னணியில் முளைக்கும் திட்டுகளும் தாமாகவே மறைந்துவிடும். திருத்த வேண்டியது அந்தப் பட்டை மட்டுமே.

அந்தப் பட்டைக்கு நியூக்எக்ஸ் என்ற காட்சி இணைப்பு மென்பொருளில் உள்ள காப்பிகேட்டைப் பரிந்துரைக்கிறேன். 2021 முதல் கிடைக்கும் இந்த நோடு, நீங்கள் வரைந்து கொடுக்கும் சில பிரேம்களைக் கொண்டு உங்கள் ஷாட்டுக்கென்றே ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கும். பிரேம்களை இருபதுக்கு ஒன்று என்று சம இடைவெளியில் எடுப்பது பலரும் செய்யும் தவறு. முகம் நமக்கு நேராக வரும் ஒன்று, முதுகு திரும்பிப் பின்னல் பறக்கும் ஒன்று, கை மிக வேகமாக வீசி மங்கலாகும் ஒன்று, கருங்கூந்தல் இருண்ட பின்னணியோடு கலக்கும் ஒன்று என்று, கடினமான இடங்களாகப் பார்த்துப் பொறுக்குங்கள். ஏழெட்டு பிரேம்களில் தொடங்கலாம்.

அவற்றை வரைவது ஒரே ஆளாக இருக்கட்டும். இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். மோஷன் பிளரில் (வேக அசைவால் வரும் மங்கலில்) ஒருவர் மங்கலின் பாதியில் கோடு போடுவார். இன்னொருவர் அதன் வெளிநுனியில் போடுவார். இரண்டையும் சேர்த்துக் கற்ற மாதிரி இரண்டுக்கும் இடையே ஊசலாடும். பழியைக் கருவியின்மேல் போடுவோம். நடுக்கத்தை ஊட்டியது நாம்தான். ஒரு முறை, ஜிமிக்கியை ஒரு பிரேமில் சேர்த்தும் மறு பிரேமில் விட்டும் வரைந்து பயிற்சி கொடுத்துவிட்டேன். முடிவில் அந்தப் பெண்ணின் காதோரம் மின்மினிபோலத் துடித்தது. பயிற்சிப் பிரேம்களைத் திருத்திய பிறகுதான் அடங்கியது.

முதல் சுற்று முடிந்ததும் 140 பிரேம்களையும் பழுத்த சிவப்புப் பின்னணிமேல் வைத்து முழு வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். 24 பிரேம் கணக்கில் ஆறு விநாடிகூட இல்லை. நடுக்கம் ஓட்டத்தில்தான் தெரியும். மிக மோசமான பிரேமைக் கையால் சரிசெய்து பயிற்சியில் சேர்த்து, சேமித்த நிலையிலிருந்தே தொடருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றில் படிந்துவிடும். அப்படியும் படியாத பத்துப் பிரேம்களைக் கையால் முடித்துவிடுங்கள். அவற்றுக்காக இரவு முழுவதும் பயிற்சி ஓட்டுவது வீண்.

ஒரு சிறு விஷயம்: சாம் போன்ற மாதிரிகள் சாதாரணப் புகைப்படங்களைப் பார்த்துப் பழகியவை. ஒளியளவை நேர்விகிதத்தில் பதியும் லீனியர் இஎக்ஸ்ஆர் படத்தை அப்படியே கொடுக்காமல், சாதாரணத் திரைக்கான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிக் கொடுங்கள். இருளில் தொலைந்த கூந்தல் ஓரளவு மீளும்.

வேலையைத் தொடங்குமுன் வாடிக்கையாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஆல்பா மட்டும் போதுமா, ஸ்பிளைன் வடிவங்களும் வேண்டுமா? கை, தலை, உடல் என்று தனித்தனி வடிவங்களைக் கேட்பவருக்கு இந்த வழி பாதிதான் உதவும். அதற்கேற்ப விலை சொல்லுங்கள். அடுத்து, இயந்திரக் கற்றலுக்கு ஒப்பந்தம் இடம் தருகிறதா? தந்தாலும், வெளியாகாத படத்தின் பிரேமை எந்த இணையத் தளத்திலும் பதிவேற்றாதீர்கள். உங்கள் கணினியிலேயே ஓட்டுங்கள். திறந்த மாதிரிகளிலும் சிலவற்றின் உரிமம் ஆய்வுக்கு மட்டுமே. நிறுவும் முன் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள்.