1ஐ அழுத்தினாலும் கேட்காத போன்

கேள்வி: எங்கள் விடுதிப் போனில் ஊர்ச் சிறப்பைச் சொல்லும் வரவேற்புரை முடிந்து "தமிழுக்கு 1ஐ அழுத்தவும்" என்று தானியங்கிக் குரல் வருகிறது. அழுத்தினால் சிலருக்கு வேலை செய்கிறது, சிலருக்குத் திரும்பவும் அதையேதான் சொல்கிறது. ஏன்?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: சிலருக்குச் சரிவருகிறது என்றால் மெனுவைக் குடையாதீர்கள், எண் போய்ச் சேரவில்லை. 1ஐ அழுத்தினால் 697, 1209 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள் சேர்ந்து போகும். இணையவழி லைனில் குரலைச் சுருக்கும் ஜி.729 மாதிரிக் கோடெக் அதைச் சிதைத்துவிடும் என்பதால், உங்கள் பக்கமும் லைன் தருபவர் பக்கமும் டிடிஎம்எஃப் (அழுத்திய எண்ணை அனுப்பும்) முறை ஆர்எஃப்சி 2833, அதாவது எண்ணைக் குரலோடு கலக்காமல் தனித் தகவலாக அனுப்பும் முறை, என்று ஒத்திருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். அப்புறம் அந்த வரவேற்புரை! கோணேசர் கோயில், மார்பிள் பீச் எல்லாம் சொல்லி முடியும்வரை யார் காத்திருப்பார்? இடையில் அழுத்தினாலும் ஏற்கும்படி மாற்றிவிடுங்கள்.