பில் படிக்கும் மென்பொருள்: சந்தா கட்டும் முன் சில சந்தேகங்கள்

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் மொத்த வியாபாரம் செய்கிறேன். மாதம் 400 பர்ச்சேஸ் பில் வரை மெயிலில் வருகிறது. ஆபீஸில் ஒரு பெண் ஒவ்வொன்றாகத் திறந்து டாலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி போடுகிறார். "மெயில் வந்ததும் அதுவே பில்லைப் படித்து டாலியில் ஏற்றிவிடும், கோடிங் எதுவும் வேண்டாம், ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி" என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

பதில்: வருஷத்துக்கு மட்டும் கட்டாதீர்கள். ஒரு மாதம் வாங்கிப் பார்க்கலாம், அதுவும் ஒரு சின்ன வேலையைச் செய்த பிறகு.

போன மாதத்து பில்களில் ஐம்பதை எடுத்து, ஒவ்வொரு பிடிஎஃப்பையும் திறந்து பில் நம்பர் மேல் மவுஸை இழுத்துப் பாருங்கள். எழுத்து நீலமாகத் தேர்வானால் அது பெரும்பாலும் கம்ப்யூட்டரிலிருந்து நேராக வந்த பில். பெரும்பாலான மென்பொருள்கள் அதன் எழுத்தைப் பிசகாமல் படிக்கும். தேர்வாகவில்லை என்றால் ஸ்கேன் செய்த படம், படித்துவிடும், ஆனால் 8-ஐ 3 என்று எடுக்கவும் செய்யும். மூன்றாவது ரகம், கார்பன் காப்பியில் கையால் எழுதி, செல்போனில் சாய்வாகப் படம் பிடித்து அனுப்பியது. விற்க வந்தவர் உங்களுக்குப் போட்டுக் காட்டியது முதல் ரகமாகத்தான் இருக்கும். நீங்கள் மூன்றாவது ரகத்தில் இருபதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற வியாபாரிகளுக்குக் கொடுக்கும் பில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸாக, அதாவது அரசுத் தளத்தில் பதிந்த பில்லாக இருக்க வேண்டும். அந்த பில்லில் இருக்கும் கியூஆர் கட்டத்திலேயே விற்றவர் ஜிஎஸ்டி எண், உங்கள் எண், பில் நம்பர், தேதி, மொத்தத் தொகை, எத்தனை அயிட்டம் என்பதெல்லாம் இருக்கிறது. கட்டத்தைப் படித்தால் போதும், எழுத்தை ஊகிக்க வேண்டியதில்லை. வரிப் பிரிவும் அயிட்டம் விவரமும் மட்டும் அதில் வராது. எனவே விற்பவரிடம் முதல் கேள்வியாக, "இது கியூஆரைப் படிக்குமா?" என்று கேளுங்கள்.

அப்புறம், சரக்கு வாரியாக ஸ்டாக் வைக்காமல் பார்ட்டி (விற்றவர்), தொகை, வரி மட்டும் ஏற்றுகிறவராக இருந்தால் உங்களுக்கு இந்த மென்பொருளே தேவைப்படாமல் போகலாம். ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில், உங்களுக்கு விற்றவர்கள் காட்டிய பில் எல்லாம் வரிப் பிரிவோடு இருக்கிறது. எக்செலாக இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. ஆனால் மாதம் ஒரு தடவைதான் வரும், பார்ட்டி தாக்கல் செய்யாத பில் அதில் இருக்காது. பம்ப் உதிரிபாகம் என்பதால் நீங்கள் அயிட்டம் வாரியாகத்தான் வைத்திருப்பீர்கள், சரி, அப்படியானால் மென்பொருள் உதவும்.

இப்போது காசு விஷயம். இந்தச் சேவைகள் எதை எண்ணிக் காசு வாங்குகின்றன என்பதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். மெயில், ஷீட் போன்றவற்றை இணைத்து வேலையைத் தானாக ஓடவைக்கும் சேவைகள் ஜாப்பியர், என்8என், மேக். இவற்றில் ஜாப்பியர் ஒவ்வொரு செயலையும் ஒரு டாஸ்க் என்று எண்ணும். இணைப்பை எடு, படி, ஷீட்டில் எழுது, ஆபீஸுக்குச் செய்தி அனுப்பு என்று நான்கு செயல் வைத்தால் 400 பில்லுக்கு 1,600 டாஸ்க். என்8என் கிளவுடில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு ஓட்டத்துக்கு ஒரு கணக்கு. மேக் என்பதில் மெயில் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதும் கணக்கில் சேரும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னால் நாளைக்கு 96, முப்பது நாளுக்கு 2,880. ஒரு மெயில்கூட வராவிட்டாலும்! பில் படிக்கும் சேவைகள் பெரும்பாலும் பக்கக் கணக்கு. நான் ஒன்றைப் பழகிப் பார்த்தபோது பத்து நாளில் என் பக்கங்கள் தீர்ந்துபோயின. தேடினால், மெயிலின் அடியில் கையெழுத்தோடு வரும் கம்பெனி லோகோ படத்தையும், "கோவை நீதிமன்ற எல்லைக்குட்பட்டது" என்று பொடி எழுத்தில் நிபந்தனை அச்சடித்த இரண்டாம் பக்கத்தையும் அது விசுவாசமாகப் படித்துக்கொண்டிருக்கிறது. பிடிஎஃப் மட்டும் எடு, முதல் பக்கம் மட்டும் படி என்று வடிகட்டி போட முடிகிறதா என்று பாருங்கள். முதல் பக்கம் மட்டும் போதுமா என்பது உங்கள் பில்லைப் பொறுத்தது, அயிட்டம் நிறைய இருந்தால் போதாது.

அதே சேவை 05/08 என்ற ஆகஸ்ட் 5-ம் தேதியை மே 8 ஆக்கியது. 12-ம் தேதிக்கு மேற்பட்ட பில் எல்லாம் சரியாகவே வந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதனால் நேராக டாலிக்குப் போகும் ஏற்பாட்டை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நடுவில் ஒரு ஷீட் இருக்கட்டும். வரி நீங்கலான தொகையும் வரியும் கூட்டினால் மொத்தம் வருகிறதா, ரவுண்ட் ஆஃப் போக? ஜிஎஸ்டி எண் 15 எழுத்தா, தமிழ்நாட்டுப் பார்ட்டி என்றால் 33-ல் தொடங்குகிறதா? அதே பார்ட்டி அதே பில் நம்பரோடு ஏற்கெனவே வந்திருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் பணம் கேட்டு நினைவூட்டும்போது பார்ட்டி அதே பில்லை மறுபடி இணைத்து அனுப்புவார். இதில் தேறாத வரிசை ஷீட்டில் சிவப்பாகட்டும். உங்கள் ஆபீஸ் பெண் சிவப்பை மட்டும் பில்லோடு ஒப்பிட்டால் போதும். படத்தையும் படித்த எண்ணையும் அருகருகே காட்டும் திரை எந்த மென்பொருளில் வசதியாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். "99 சதவீதம் துல்லியம்" என்ற வாசகத்துக்காக வாங்காதீர்கள். ஒரு பில்லில் பத்து விவரம் எடுத்தால் 400 பில்லுக்கு 4,000 விவரம். அதில் ஒரு சதவீதம் என்பது நாற்பது தப்பு, எங்கே என்று தெரியாத நாற்பது.

கேள்வி: காரைக்குடியில் பழைய வீட்டைத் தங்குமிடமாக நடத்துகிறோம். விசாரணை மெயில்களுக்குத் தானாகப் பதில் அனுப்பும் ஏஐ சேவைக்கு மாதச் சந்தா கேட்கிறார்கள். அவசியமா?

பதில்: ஜிமெயிலின் வடிகட்டியும் லேபிளும் டெம்ப்ளேட்டும் இலவசம், முதலில் அவற்றைத் தீர உபயோகியுங்கள். ஏஐ வைத்தே தீருவது என்றால் பதிலை எழுதி டிராஃப்டில் வைக்கச் சொல்லுங்கள், அனுப்புவது நீங்களாக இருக்கட்டும். பொங்கல் வாரத்துக்கு அறை இருக்கிறதா என்று ஒருவர் கேட்க, உங்கள் புக்கிங் நோட்டைப் பார்க்காத இயந்திரம் "தாராளமாக வாருங்கள்" என்று எழுதினால், வாசலில் பெட்டியோடு நிற்கிறவருக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். எதிர்ப்பக்கமும் தானியங்கிப் பதில் வைத்திருந்தால் இரண்டும் ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் வேடிக்கையும் உண்டு. ஜிமெயிலின் விடுமுறைப் பதில் ஒரே ஆளுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறைதான் போகும். நீங்களாகக் கட்டும் ஏற்பாட்டில் அந்தக் கட்டுப்பாட்டை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: இலவச சோதனை என்று கார்டு எண் கொடுத்தேன். இப்போது வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மாதாமாதம் எடுக்கிறது, நிறுத்தும் பொத்தானே காணோம். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: கோர்ட் அப்புறம். ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தொடர்ந்து எடுக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னதாக வங்கி உங்களுக்குத் தகவல் தர வேண்டும். நிறுத்தும் வழியும் தர வேண்டும். வங்கிச் செயலியில் கார்டு பகுதியில் இ-மேன்டேட் என்று இருக்கும், அங்கே ரத்து செய்துவிட்டு நிறுவனத்துக்கும் ஒரு மெயில் போட்டு வையுங்கள். சந்தாவில் சிக்கவைத்து வெளியேற விடாமல் செய்வதை 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல் தவறான நடைமுறை என்றே பட்டியலிட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதியலாம். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபார நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சொந்தத் தொழில் செய்து அதில்தான் பிழைக்கிறேன் என்று காட்ட முடிந்தால் விலக்கு உண்டு.

விற்பவர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்து, தொழிலுக்காக வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாகச் சந்தா வாங்கினால், அதற்கு 18% வரியை ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்றவருக்குப் பதில் வாங்கியவர் கட்டும் முறையில், நீங்களே பணமாகக் கட்ட வேண்டும். தகுதி இருந்தால் அதை உள்ளீட்டு வரி கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். கட்டிய ரசீதை ஆடிட்டரிடம் கொடுக்கும்போது "இது வெளிநாட்டு பில்" என்று சொல்லிக் கொடுங்கள்.