செட்டாப் பாக்ஸ்லேர்ந்து ரெக்கார்டிங்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேபிள் வேலையும் கேமரா வேலையும் ரொம்ப வருஷமா பாக்கறேன், பாக்ஸையும் ரெக்கார்டரையும் சேக்கறதுல என்ன டவுட்னாலும் கேளுங்க.

அண்ணே, வீட்ல சிசிடிவிக்கு போட்ட டிவிஆர், அதான் கேமரா படத்த பதியுற பெட்டி, இருக்கு. நாலு சேனல், கேமரா ரெண்டுதான். மீதி ஓட்டைல செட்டாப் பாக்ஸ சொருகி அம்மாவுக்கு சீரியல் ரெக்கார்ட் பண்ண முடியுமா? சிரிக்காதீங்க.

சிரிக்கல தம்பி, அது நடக்கும். பாக்ஸோட மஞ்ச ஒயர்ல வர்றதும் பழைய அனலாக் கேமரா ஒயர்ல வர்றதும் ஒரே ரகம்தான், காம்போசிட் வீடியோ. கேமரா சாமான் விக்கிற கடையில ஆர்சிஏ டு பிஎன்சி பின்னு கேளு, ஒரு பக்கம் மஞ்ச ஒயர் ஏறும் இன்னொரு பக்கம் டிவிஆர்ல திருகி மாட்டிக்கலாம். படம் வரலன்னா மெனுல அந்த சேனல சிவிபிஎஸ்னு மாத்திப் பாரு, காம்போசிட்டுக்கு அதான் இன்னொரு பேரு. வெள்ள ஒயர் டிவிஆர் பின்னாடி ஆடியோ இன்ல போகணும், செவப்பு சும்மா தொங்கட்டும். ரெக்கார்ட் செட்டிங்ல வெறும் வீடியோன்னு இருந்தா சத்தம் பதியாது, வீடியோ ஆடியோ ரெண்டும்னு மாத்திடு.

முக்கியமா மோஷன் ரெக்கார்டிங்க, அதாவது அசைவு இருந்தா மட்டும் பதியுறத, எடுத்துட்டு முழு நேரமும் பதியுற மாதிரி வை. இல்லன்னா சீரியல்ல ஒருத்தர் அசையாம நின்னு அழுவுற எடத்துலல்லாம் ரெக்கார்டிங் நின்னுடும், அம்மா உன்னத்தான் திட்டுவாங்க. ஹார்ட் டிஸ்க் ரொம்பிச்சுன்னா பழசு மேலயே எழுதிடும், அதனால வேணுங்கறத அப்பப்போ பென் டிரைவ்ல எடுத்துக்கோ.

சார், பாக்ஸ் படத்த கம்ப்யூட்டர்ல பதிய எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு வாங்கினேன், பாக்ஸ மாட்டினா வெறும் கருப்பா இருக்கு. கார்டு போச்சா?

கார்டு நல்லாத்தான் இருக்கும். லேப்டாப்ப அதுல மாட்டிப் பாருங்க, படம் வந்துச்சுன்னா கோளாறு கார்டுல இல்ல. பாக்ஸ் எச்டிஎம்ஐல எச்டிசிபின்னு ஒரு பூட்டு போட்டுத்தான் அனுப்பும், டிவிக்கு அத தொறக்கத் தெரியும், கேப்சர் கார்டுக்கு தெரியாது. பூட்ட ஒடைக்கிற வழிய என்கிட்ட கேக்காதீங்க, நான் அதுக்கு வர மாட்டேன். ஏவி அவுட், அதான் மஞ்ச வெள்ள செவப்பு ஒயர் போடுற ஓட்ட, இருந்தா அதுல எடுங்க. 576 லைன் படம்தான், எச்டி கெடையாது, ஆனா சீரியலுக்கும் பட்டிமன்றத்துக்கும் அது போதும்.

ஏவி போட்டா படம் கருப்பு வெள்ளையா ஓடுது அண்ணா.

பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC)னு கலர் அனுப்புற முறை ரெண்டு இருக்கு, உங்களுக்கு பாக்ஸ்ல ஒன்னும் ரெக்கார்டர்ல இன்னொன்னும் இருக்கும். செட்டிங்ல ரெண்டுலயும் PAL வைங்க.

எனக்கு படமே வரல, ஸ்பீக்கர்ல கொர்ருன்னு சத்தம் மட்டும் வருது.

உங்க பாக்ஸ்ல மூணு கலர் ஓட்டைக்கு பதிலா ஹெட்போன் ஓட்ட மாதிரி ஒன்னுதான இருக்கு? அதுக்குப் போடுற ஒயர்ல உள்ள வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும். செவப்ப எடுத்து மஞ்ச ஓட்டைல சொருகிப் பாருங்க, அனேகமா படம் வந்துடும். கலர நம்பாதீங்க.

ஒரு சேனல் பாத்துக்கிட்டே இன்னொன்ன பதியலாமா?

ஒரே ட்யூனர், அதாவது சேனல் புடிக்கிற பாகம் ஒன்னே ஒன்னு இருக்கிற பாக்ஸ்ல நடக்காது. பாக்ஸ்ல என்ன ஓடுதோ அதத்தான் ரெக்கார்டர் பதியும், அதுவா சேனல் மாத்தத் தெரியாது. நான் ஒரு நாள் கிரிக்கெட் மேட்ச பதிய வச்சுட்டு ஒரு கல்யாணத்துக்கு போனேன், வீட்ல மாமியார் ரிமோட்ட எடுத்துட்டாங்க, வந்து பாத்தா டாஸ் வரைக்கும் மேட்ச், அப்புறம் ரெண்டு மணி நேரம் மீன் கொழம்பு. அதுலேர்ந்து வெளிய போனா ரிமோட்ட பீரோல வச்சுட்டுத்தான் போறது. சில பாக்ஸ்ல ரிமைண்டர் வச்சா நேரத்துக்கு அதுவே சேனல் மாறும், அத பயன்படுத்திக்கங்க.

பாக்ஸ்லயே பென் டிரைவ் போட்டு பதிஞ்சேன் அண்ணே, லேப்டாப்ல ஓடல.

அது அந்தப் பாக்ஸ்ல மட்டும் ஓடுற மாதிரி பூட்டித்தான் பதியும்மா, பெரும்பாலான பாக்ஸ்ல இப்படித்தான். பாக்ஸ மாத்தினா பழைய ரெக்கார்டிங்கும் போச்சு. சாதா சேனல் மணிக்கு ஒரு ஜிபிக்கு மேல இழுக்கும், எச்டின்னா ரெண்டு மூணு மடங்கு ஆகும், அதனால 32 ஜிபிக்கு கொறஞ்சு வாங்காத.