இம்ஹோதெப்பின் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எகிப்தில் சக்காராவிலுள்ள படிக்கட்டுப் பிரமிடு பற்றி நீங்கள் எழுதியதை என் பத்து வயது மகனுக்கு வாசித்துக் காட்டினேன். இம்ஹோதெப் என்ற பெயர் வந்ததுமே, “அவன் கெட்டவன் அம்மா, செத்த பிறகு எழுந்து வந்து மனிதர்களின் உயிரை உறிஞ்சுபவன்” என்றான். 1999இல் வந்த ‘தி மம்மி’ படத்தைத் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்திருக்கிறான். பொழுதுபோக்குப் படத்தில் வரலாற்றைத் தேடுவது வீண் என்கிறார் என் கணவர். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகி, விருதுநகர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் சொல்வதில் பாதியை நானும் ஏற்கிறேன். அந்தப் படத்தில் தீப்ஸ் நகரத்தை ஒட்டியே பிரமிடுகள் நிற்கின்றன. கீஸா பிரமிடுகளுக்கும் தீப்ஸுக்கும் நைல் வழியே 500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். உள்ளுறுப்புகளை வைக்கும் ஜாடிகள் படத்தில் ஐந்து. எகிப்தியர் வைத்தவை நான்கு: கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல். இதயத்தை உடலிலேயே விட்டுவிடுவார்கள், மறுமையில் அதைத் தராசில் இட்டு நிறுக்க வேண்டும் என்பதற்காக. சதையைத் துளைத்துத் தின்னும் வண்டுக் கூட்டமும் கற்பனைதான். எகிப்தியர் போற்றியது சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டு. காலைச் சூரியனைத் தள்ளிவரும் கெப்ரி தெய்வத்தின் வடிவமாக அதைக் கண்டார்கள். இவற்றையெல்லாம் கதைக்காகச் செய்தார்கள் என்று விட்டுவிடலாம்.

இம்ஹோதெப்பை மட்டும் என்னால் அப்படி விட முடியவில்லை.

அவர் ஜோசர் மன்னரின் அமைச்சர். வாழ்ந்தது சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன். படமோ அவரை முதலாம் சேத்தி என்ற மன்னரின் காலத்துக்குக் கொண்டுவந்து, மன்னரின் ஆசைநாயகியோடு உறவு கொண்டு மன்னரையே கொன்றவராகக் காட்டுகிறது. இரு காலங்களுக்கும் இடையில் 1,300 ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. காலக் குழப்பம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. எப்படிப்பட்ட மனிதரை இப்படிக் காட்டினார்கள் என்பதுதான் மனத்தை வருத்துகிறது. செங்கல்லில் கல்லறை கட்டிக்கொண்டிருந்த நாட்டில், ஆறு அடுக்குகளாகக் கல்லை எழுப்பி அந்தப் படிக்கட்டுப் பிரமிடைக் கட்டிய பெருமையை எகிப்திய மரபு அவருக்கே தருகிறது. ஜோசரின் சிலைப் பீடம் ஒன்றில் மன்னரின் பெயரோடு இம்ஹோதெப்பின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. மன்னரின் சிலையில் ஓர் அமைச்சரின் பெயர் இடம்பெறுவது மிக அரிது.

பிற்காலத்தில் எழுத்தர்கள் அவரைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடினார்கள். நோயாளிகள் அவரை நலம் தரும் தெய்வமாக வணங்கினார்கள். கிரேக்கர்கள் தங்கள் மருத்துவக் கடவுளான அஸ்கிலேப்பியஸோடு அவரை ஒன்றாகக் கண்டார்கள். அவருடைய கல்லறையைத் தேடி 1960களில் சக்காராவில் அகழ்ந்த தொல்லியலாளர் வால்டர் எமெரிக்குக் கிடைத்தவை நிலத்தடிச் சுரங்கங்கள். அவற்றில் பதப்படுத்தித் துணி சுற்றிய அரிவாள் மூக்கன் பறவைகள் ஏராளமாக அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் எளிய மக்கள் செலுத்திய காணிக்கைகள். கல்லறை இன்றுவரை அகப்படவில்லை.

எகிப்தியருக்குப் பெயர் என்பது உயிரின் ஒரு பகுதி. கல்லறைச் சுவர்களில், “வழிப்போக்கரே, என் பெயரைச் சொல்லுங்கள்” என்று இறந்தவர்கள் கேட்டுக்கொள்வார்கள். சொல்லும்வரை அவர்கள் வாழ்வார்கள் என்பது நம்பிக்கை. ஆகவே அவர்கள் அஞ்சிய தண்டனை, பெயரைக் கெடுப்பது.

மன்னரைக் கொல்ல அந்தப்புரத்தில் நடந்த உண்மையான சதி ஒன்று இதற்குச் சான்று. மூன்றாம் ராம்சேஸின் மனைவியரில் ஒருத்தியான தியே, தன் மகனை அரியணையில் ஏற்றுவதற்காகத் திட்டமிட்டாள். அந்த வழக்கைப் பதிவுசெய்த பாப்பிரஸ் சுருள் இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விசாரிக்க அமர்ந்தவர்களிலேயே சிலர் குற்றம் சாட்டப்பட்ட பெண்களோடு கூடிக் குடித்து, மூக்கும் காதும் அறுபட்டார்கள். மன்னர் பிழைத்தாரா என்று அறிஞர்கள் நெடுநாள் விவாதித்தார்கள். 2012இல் வெளியான சிடி ஸ்கேன் ஆய்வு, அவருடைய தொண்டை எலும்புவரை அறுபட்டிருந்ததைக் காட்டியது. உடலைப் பதப்படுத்தியவர்கள் அந்தக் காயத்துக்குள் ஹோரஸ் தெய்வத்தின் கண் வடிவத் தாயத்து ஒன்றை வைத்திருந்தார்கள், மறுமையிலாவது புண் ஆறட்டும் என்று. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சதிகாரர்களின் பெயர்களை அந்தச் சுருள் அப்படியே எழுதவில்லை, திரித்து எழுதியது. ஒருவனுக்கு ‘மெசெத்சுரே’ என்று பெயர். ‘சூரியக் கடவுளான ரா இவனை வெறுக்கிறார்’ என்பது பொருள். பெற்றோர் வைத்த பெயராக அது இருக்க முடியாது.

இதனால்தான், சகோதரி, இது வெறும் தகவல் பிழை அல்ல என்கிறேன். மன்னரைக் கொன்ற துரோகிக்கு எகிப்தியர் விதித்த தண்டனையை, அவர்கள் தெய்வமாக வணங்கியவருக்கு நம் காலத்துச் சினிமா விதித்துவிட்டது. 1932இல் வந்த பழைய மம்மி படத்திலும் உயிர்த்தெழும் பிணத்துக்கு இதே பெயர்தான். அவர்களுக்கு ஒரு கொடியவன் தேவைப்பட்டிருந்தால், ஒரு புதுப்பெயர் வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அதே 1999 படத்தில் பண்டைய எகிப்திய மொழி வசனங்களுக்காக ஸ்டூவர்ட் டைசன் ஸ்மித் என்ற எகிப்தியல் அறிஞரை அமர்த்தியிருந்தார்கள். உச்சரிப்புக்குக் காட்டிய அக்கறையில் கொஞ்சம் அந்த மனிதருக்கும் காட்டியிருக்கலாம்.

மகனைப் படம் பார்க்கவிடாமல் தடுக்க வேண்டாம். இம்ஹோதெப்பின் சிறிய வெண்கலச் சிலைகள் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, இணையத்தில் படங்கள் கிடைக்கும். மழித்த தலையோடு அமர்ந்து, மடியில் சுருளை விரித்து வாசித்துக்கொண்டிருப்பார். அடுத்த முறை படம் ஓடும்போது அவனிடம் அதைக் காட்டுங்கள். என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.

அன்புடன்