பச்சை மிளகாய், வற்றல், தூள்: ஒன்றுக்குப் பதில் மற்றொன்று (கேள்வி பதில்)

கேள்வி: தேங்காய்ச் சட்னிக்குப் பச்சை மிளகாய் இல்லாதபோது மிளகாய்த் தூள் சேர்த்து அரைக்கலாமா? (சேலம்)

பதில்: வேண்டாம். எண்ணெயிலோ கொதியிலோ வெந்தால்தான் தூளின் பச்சை வாசனை போகும். சட்னியோ அடுப்பேறாத பண்டம். மூன்று நான்கு மிளகாய் வற்றலைச் சிறிது எண்ணெயில் உப்பி வரும்வரை வறுத்து, பொட்டுக்கடலையோடு சேர்த்து அரையுங்கள். சட்னி வெளிர்சிவப்பாக வரும். சுவையும் வேறாகத்தான் இருக்கும். பச்சை மிளகாயின் இலைவாசம் வற்றலில் கிடையாது என்பதால், விரல்நுனி அளவு இஞ்சி சேர்த்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

கேள்வி: குறிப்பில் ஆறு வரமிளகாய் என்று இருந்தால், அதற்கு எத்தனை தேக்கரண்டி தூள் போட வேண்டும்? (கோயம்புத்தூர்)

பதில்: காம்பு கிள்ளிய நீட்டு மிளகாய் ஒன்று ஏறத்தாழ 1 கிராம் இருக்கும், தலைதட்டிய ஒரு தேக்கரண்டித் தூள் 2 முதல் 3 கிராம் வரை வரும். ஆகவே அரைத்துச் சேர்க்கும் ஆறு மிளகாய்க்கு இரண்டு தேக்கரண்டி என்பது கணக்கு. ஆனால் அந்த ஆறும் தாளிப்பில் முழுதாக விழுபவை என்றால் கணக்கு மாறிவிடும். முழு மிளகாய் தன் காரத்தில் ஒரு பங்கைத்தான் குழம்புக்குக் கொடுக்கிறது. மீதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு இலையின் ஓரத்தில் ஒதுங்கிவிடுகிறது. தூளில் அப்படி ஒதுங்குவது எதுவும் இல்லை. அத்தகைய இடத்தில் அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுவதே நல்லது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் ‘மிளகாய்த் தூள்’ என்று எழுதிய டப்பாவில் இருப்பது மல்லியும் சேர்த்துத் திரித்த குழம்பு மிளகாய்த் தூள். அதில் மிளகாய் பாதிகூட இராது. ரகமும் முக்கியம்: குண்டூர் மிளகாயில் காரம் மிகுதி, கர்நாடகத்துப் பியாடகி மிளகாயில் நிறம் மிகுதி, காரம் குறைவு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் உருண்டையாகவும் தோல் தடித்தும் இருப்பதால், எண்ணிக்கையை வைத்து மாற்றாமல் எடையை வைத்து மாற்றுங்கள்.

கேள்வி: வற்றல் தீர்ந்துபோனதால் தாளிப்பில் தூளைப் போட்டேன், குழம்பே கசந்துவிட்டது. ஏன்? (மதுரை)

பதில்: தூள் கருகிவிட்டது. கடுகு வெடிக்கும் சூட்டில் முழு மிளகாய் சில நொடிகள் தாங்கும்; தூளுக்கு ஐந்து எண்ணும் நேரம்கூட அதிகம். எண்ணெயில் விழுந்ததும் செக்கச்செவேல் என்று விரியும், உடனே செங்கல் நிறமாகும், அடுத்த கணம் பழுப்பாகிக் கண்ணும் தொண்டையும் எரியத் தொடங்கும். செங்கல் நிறத்திலேயே அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும். அடுப்பை அணைத்து, எண்ணெய் சற்று ஆறிய பிறகு தூளைப் போட்டு, உடனே புளிக்கரைசலை ஊற்றுங்கள். வெங்காயமும் தக்காளியும் வதங்கும் குழம்பானால், தக்காளி கரைந்து நீர்விட்ட பிறகு சேர்த்தால் கருகாது. கசந்துவிட்ட குழம்பை வெல்லத்தால் மீட்க முயன்று நானும் தோற்றிருக்கிறேன். தாளிப்பைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தாளிப்பதே சிக்கனம்.

கேள்வி: விதையை நீக்கினால் காரம் குறையுமா? (சென்னை)

பதில்: குறையும், ஆனால் அதற்குக் காரணம் விதையன்று. பச்சை மிளகாயை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். விதைகளைத் தாங்கி நிற்கும் வெளிறிய நரம்பில்தான் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் மிகுதியாக உள்ளது. அதை வழித்தெடுங்கள். கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் காரம் கூடிய குழம்பைத் தண்ணீரைவிடத் தேங்காய்ப்பால் நன்றாக அடக்குகிறது.

கேள்வி: ஜெர்மனியில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். புட்டுக்குச் சம்பல் இடிக்கச் செத்தல் மிளகாய் (மிளகாய் வற்றல்) கிடைப்பதில்லை. தூள் மட்டும் உள்ளது. (யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்)

பதில்: தூளை நேரே தேங்காய்ப்பூவில் (தேங்காய்த் துருவலில்) தூவினால் மாவுபோல் நாக்கில் ஒட்டும். சின்ன வெங்காயத்தையும் உப்பையும் முதலில் நசுக்கி, அந்த ஈரத்தில் தூளைக் குழைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு தேங்காய்ப்பூவைச் சேர்த்துப் பிசைந்து, கடைசியில் தேசிக்காய் (எலுமிச்சை) பிழியுங்கள். செத்தலின் தோல் பல்லில் படும் சுகம் வராது. வறுத்துச் சேர்த்த கறித்தூளை மட்டும் போட்டுவிடாதீர்கள். அது சம்பலைக் கறியாக்கிவிடும்.

கேள்வி: மாங்காய் ஊறுகாயில் தூளுக்குப் பதிலாகப் பழுத்த சிவப்பு மிளகாயை அரைத்துச் சேர்க்கலாமா? (திருச்சி)

பதில்: ஒரு வருடம் வைத்திருக்கும் ஊறுகாய் என்றால் கூடாது. பழுத்த மிளகாயில் பெரும்பகுதி நீர். அந்த நீர் உப்பையும் எண்ணெயையும் தளர்த்திப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். உடனடி ஊறுகாய் என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். விழுதை நல்லெண்ணெயில் ஈரம் வற்றிச் சுருளும்வரை வதக்கி, குளிர்பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.