சிறு பிள்ளைகளுடன் ஆல்ப்ஸில் மலைக்குடில்களுக்கு இடையே நடந்து செல்ல எளிய வழி எது?

ஏழு வயதிலும் பத்து வயதிலும் பிள்ளைகள் இருக்கும் ஒரு குடும்பம், மலையேற்றப் பயிற்சி ஏதுமின்றி, 2000 மீட்டருக்கு மேலே ஒரு குடிலிலிருந்து (நடப்பவர்களுக்கு உணவும் படுக்கையும் தரும் மலைவிடுதி) அடுத்த குடிலுக்கு நடந்து ஓரிரவு மலையிலேயே தங்கித் திரும்ப எந்த வழி ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆல்ப்ஸின் ஒரு பகுதியான, வட இத்தாலியின் டோலமைட் மலைகளில், டிரே சிமே டி லவரெடோ என்னும் மூன்று சிகரங்களைச் சுற்றி வரும் பாதையைத்தான் நான் சொல்வேன். என் குடும்பத்துடன் நடந்த வழி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தச் சுற்று மொத்தம் சுமார் 10 கிலோமீட்டர். ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 400 மீட்டர் அளவில் வரும். ஆனால் பிள்ளைகளுடன் நடப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மொத்த நீளத்தை அல்ல, ஒரு குடிலுக்கும் அடுத்த குடிலுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான். ஆல்ப்ஸின் பல புகழ்பெற்ற பாதைகளில் ஒரு குடிலை விட்டால் அடுத்ததற்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். நடுவில் பிள்ளை சோர்ந்தாலோ மழை பிடித்துக்கொண்டாலோ ஒதுங்க இடமிருக்காது. இங்கே முதல் இரண்டு குடில்களுக்கு இடையே அரை மணி நடைதான்; அதற்கு அடுத்தது ஒன்றேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். எந்த இடத்திலும் திரும்பி வந்துவிடலாம் என்பதே இந்தப் பாதையின் பெரிய பலம்.

தொடக்கம் 2320 மீட்டர் உயரத்தில் இருக்கும் அவுரோன்ஸோ குடில். மிசுரினா ஏரிப் பக்கமிருந்து கட்டணச் சாலை அந்தக் குடிலின் வாசல் வரை செல்கிறது. கோடையில் டொப்பியாக்கோ என்னும் ஊரிலிருந்து பேருந்தும் உண்டு. சொந்த வாகனம் இல்லாதவர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே பேருந்துதான் நல்லது என்பது என் கருத்து. வாகனம் நிறுத்த இடம் கிடைக்குமா என்ற கவலையோடு ஒரு மலை நாளைத் தொடங்க வேண்டியதில்லை.

அங்கிருந்து 101 என்று எண்ணிடப்பட்ட பாதையில் கிழக்கு நோக்கி, அதாவது சிகரங்களை இடப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். 2344 மீட்டரில் உள்ள லவரெடோ குடில் வரை பாதை வண்டி போகும் அகலத்தில், ஏறக்குறைய சமதளமாகவே செல்லும். வழியில் ஒரு சிறு தேவாலயமும் உண்டு. அதன்பின் லவரெடோ கணவாய்க்கு நூறு மீட்டருக்குச் சற்று அதிகமான ஏற்றம். பாதை சரளைக்கல் நிறைந்தது. பிள்ளைகளின் காலணி வழுக்கும் இடம் இதுதான் என்பதால், அடித்தோல் நன்றாகப் பிடிக்கும் காலணி அவசியம். கணவாயின் உயரம் 2454 மீட்டர். அதுவரை சிகரங்களின் சிதறிய தென்புறத்தை மட்டுமே பார்த்து வந்தவர்களுக்கு, அங்கே கால் வைத்ததும் அவற்றின் வடமுகம் பக்கவாட்டில் நெட்டக்குத்தாக எழுந்து நிற்பது தெரியும். நடுச்சிகரமான சிமா கிராண்டேயின் உயரம் 2999 மீட்டர்; 1869இல் ஆஸ்திரிய மலையேறி பவுல் குரோமானும் இரு வழிகாட்டிகளும் அதில் முதன்முதலாக ஏறியது தென்புறத்திலிருந்துதான். வடமுகத்தில் ஏற 1933 வரை யாராலும் முடியவில்லை. கணவாயில் நின்று அந்தச் சுவரைப் பார்க்கும் பிள்ளைக்கு ஏன் என்று விளக்க வேண்டியிராது.

கணவாயிலேயே ஒரு முடிவும் எடுக்க வேண்டும். மேகம் திரண்டிருந்தாலோ பிள்ளைகளில் ஒருவருக்குத் தலைவலி இருந்தாலோ வந்த வழியே திரும்பிவிடுங்கள். லவரெடோ குடில் கால் மணி நேரத்தில் வந்துவிடும். எல்லாம் நன்றாக இருந்தால், அகலமான கீழ்ப்பாதையில் இறங்கி, பிறகு மெல்ல ஏறி, 2405 மீட்டரில் உள்ள லொகாடெல்லி குடிலை அடையலாம். இப்பகுதியில் இத்தாலியமும் ஜெர்மனும் வழங்குவதால், பலகைகளில் இதற்கு ட்ரை சின்னன் ஹூட்டே என்ற பெயரும் இருக்கும். இரண்டும் ஒரே குடில்தான்.

இரவு தங்க வேண்டிய இடம் இதுவே. பகலில் இப்பாதையில் கூட்டம் அதிகம். மாலையில் கடைசிப் பேருந்துக்காக எல்லோரும் இறங்கிப் போன பிறகுதான் மலை நம் கைக்கு வரும். குடிலுக்கு மேலே பாறையில் குடைந்த முதல் உலகப் போர்க்காலக் குகைகள் இருக்கின்றன. 1915 முதல் 1917 வரை இத்தாலிய, ஆஸ்திரியப் படைகளின் போர்முனைக்கோடு இங்கேதான் ஓடியது; பழைய குடில் 1915இல் குண்டுவீச்சில் அழிந்தது, அதை நடத்திவந்த மலைவழிகாட்டி செப் இன்னர்கோஃப்ளர் அதே ஆண்டு ஜூலையில் எதிரே தெரியும் பாட்டர்ன்கோஃபெல் சிகரத்தில் இறந்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். குகை வரை கைபிடித்து அழைத்துச் செல்லலாம். ஆனால் பாட்டர்ன்கோஃபெலின் உள்ளே செல்லும் சுரங்கப்பாதைக்குத் தலைக்கவசமும் பாறையில் பொருத்திய இரும்புவடத்தில் நம்மைப் பிணைத்துக்கொண்டு ஏறுவதற்கான கருவிகளும் தேவை, அது இந்தப் பயணத்தில் சேராது.

குடில் வாழ்க்கைக்குச் சில பழக்கங்கள் உண்டு. நடைக்காலணியை வாசலருகே உள்ள அடுக்கில் கழற்றி வைத்துவிட்டு உட்செருப்புடன்தான் மேலே போக வேண்டும். போர்வை கொடுப்பார்கள், அதற்குள் விரித்துப் படுக்கும் மெல்லிய துணிப்பையை நீங்களே கொண்டுபோக வேண்டும். இரவு உணவுக்குக் குறித்த நேரம் உண்டு, பத்து மணிக்கு விளக்கணைந்துவிடும். டோலமைட் பாறை மழைநீரை உள்ளே இழுத்துக்கொள்வதால் மேலே நீர் அரிது. குளியலை எதிர்பார்க்காதீர்கள், குடிக்கும் நீரை ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் சுமந்து செல்லுங்கள். சைவ உணவு வேண்டுமென்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது.

இந்த உயரம் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்றும் நீங்கள் தனியாகக் கேட்டிருந்தீர்கள். 2400 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். உயரத்தில் காற்று மெலிவதால் வரும் மலைநோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேலே தூங்குபவர்களிடம் காணப்படுவது. ஆயினும் சிலருக்கு அதற்குக் கீழேயும் வரலாம். விமானத்தில் வந்திறங்கிய அன்றே மேலே தூங்கப் போகாமல், 1750 மீட்டர் அளவில் இருக்கும் மிசுரினாவில் ஓரிரவு தங்கிவிட்டுச் செல்லுங்கள். தலைவலி என்று சொல்லத் தெரியாத வயதில், பிள்ளை சாப்பிட மறுப்பதும் வழக்கத்துக்கு மாறாகச் சுணங்கிக் கிடப்பதும்தான் அறிகுறிகள். அப்படிக் கண்டால் விடியும்வரை காத்திருந்து பார்ப்போம் என்று எண்ணாமல் குடில் பொறுப்பாளரிடம் சொல்லி, கீழே இறங்குவதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அவசர உதவிக்கான எண் 112. வெயிலையும் குறைத்து எண்ண வேண்டாம்: காற்று குளிர்ந்திருந்தாலும் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது.

மறுநாள் திரும்புவதற்கு இரண்டு வழிகள். 105ஆம் பாதை மேற்கே இருநூறு மீட்டர் அளவில் பள்ளத்தில் இறங்கி, லாங்ஆல்ம் என்னும் மேய்ச்சல் குடிலுக்கு ஏறி, சிகரங்களைச் சுற்றி முடித்து அவுரோன்ஸோவுக்கு வரும். அழகான வழிதான், பத்து வயதுப் பிள்ளை நடந்துவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு முதல் நாள் களைப்பு மிச்சமிருந்தால், இறங்கியதை மறுபடி ஏற வேண்டியிருப்பது கண்ணீரில் முடியும். அந்த நிலையில் வந்த வழியே திரும்புங்கள். மலை எதிர்த்திசையில் வேறு முகம் காட்டும், சுற்றை முடிக்கவில்லை என்ற குறை பெரியவர்களுக்கு மட்டுமே இருக்கும்.

குடில்கள் ஏறக்குறைய ஜூன் இறுதியிலிருந்து செப்டம்பர் இறுதிவரைதான் திறந்திருக்கும். ஜூலைத் தொடக்கத்தில் கூட வடபுற நிழலில் பனித்திட்டுகள் கிடக்கலாம். கோடைப் பிற்பகல்களில் இடிமழை வழக்கம் என்பதால், காலை எட்டு மணிக்கே கிளம்பி நண்பகலுக்குள் லொகாடெல்லியைச் சேர்ந்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களையே தேர்ந்தெடுப்பேன்: இடி குறைவு, கூட்டமும் குறைவு. பள்ளி விடுமுறை காரணமாக ஆகஸ்டில்தான் வர முடியும் என்றால், குடிலில் இடம் உறுதியான பிறகு விமானச் சீட்டு எடுங்கள்; அந்த மாதத்துக்குரிய படுக்கைகள் பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடுகின்றன.