கைப்பேசியில் வரும் செய்திக்கு யார் பொறுப்பு?

நாளிதழை யார் நடத்துகிறார், யார் தட்டிக்கேட்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் ஐயா நாளிதழை விரித்துப் படிப்பார்; அதன் கடைசிப் பக்க அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர், ஆசிரியர் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும். 1867ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அதைக் கட்டாயமாக்கின. 1956ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமையாளர் விவரத்தையும் ஆண்டுதோறும் பிப்ரவரி முடிந்தபின் வரும் முதல் இதழில் வெளியிட வேண்டியிருந்தது. பலர் கண்ணில் படாமல் போனாலும், வாசகனுக்குக் கிடைத்த மிக நல்ல பாதுகாப்பு அதுவென்பேன். 2024 மார்ச் முதல், 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய பதிவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

1978ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் பிரஸ் கவுன்சில், புகாரை விசாரித்து நாளிதழைக் கண்டிக்கலாம். அபராதம் விதிக்க இயலாது. அதன் வரம்பில் இணையச் செய்தித் தளங்கள் இல்லை. அவற்றுக்கு 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் குறைதீர் அலுவலரைக் கட்டாயமாக்கின. ஆனால், நெறிமுறைகளைக் கட்டாயமாக்கும் 9ஆம் விதியின் உட்பிரிவுகளுக்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் இடைக்காலத் தடை விதித்தது.

வெளிநாட்டு நேரடி முதலீட்டுக்கு, அச்சு நாளிதழ், இணையச் செய்தித் தளம் இரண்டிலும் 26 விழுக்காடே உச்சவரம்பு. வாட்ஸ்அப்பில் வரும் துண்டுச் செய்தியில்தான் எந்தப் பெயரும் இருப்பதில்லை. ஆகவே பகிருமுன் மூல இதழைத் தேடிப் பாருங்கள்.